கோட்டையை வரையக் கோட்டை விடுதல்: பண்ணைக் கரையில் ஒரு நீர்வண்ண வகுப்பு

யாழ்ப்பாணத்தில் சித்திரப் பாடத்துக்குப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு வகுப்புகள் தாராளமாக உண்டு. பரீட்சை எதுவும் எழுதப் போகாத, வயது வந்த ஒருவர், நீர்க்கரையில் நிற்கும் கட்டடம் ஒன்றை அதன் ஈரமும் வெளிச்சமும் குலையாமல் தாளில் இறக்கப் பழக வேண்டுமென்றால் அவருக்குப் போக்கிடம் குறைவு. குருநகரில் ஓர் ஆசிரியை தமது வீட்டு விறாந்தையிலும், யாழ்ப்பாணக் கோட்டையை ஒட்டிய பண்ணை என்னும் கடல்நீரேரிக் கரையிலுமாக அப்படியொரு நீர்வண்ண வகுப்பை நடத்துகிறார். எட்டுச் சனிக்கிழமைகள், காலை 6 மணி முதல் 9 மணி வரை, ஒரு தொகுதிக்கு ஏழு பேர், கட்டணம் 16,000 ரூபா. மாசியில் தொடங்கிப் பங்குனியில் முடிந்த தொகுதியில் நானும் இருந்தேன். விளம்பரத்தை அவர் விரும்பாததால் பெயரைத் தவிர்த்து, வகுப்பில் கிடைத்ததையும் கிடைக்காததையும் மட்டும் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு தகவலைச் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரை விளங்காது. நான் 31 ஆண்டுகள் படவரைஞராக வேலை செய்தவன். சுவரின் கனத்தையும் கதவின் அகலத்தையும் படியின் உயரத்தையும் மில்லிமீற்றர் கணக்கில் அளந்து, ஒரே தடிப்பில் ஓடும் கோட்டினால் வரைந்து கொடுப்பதே என் உத்தியோகமாக இருந்தது. ஓய்வுக்காலத்தில் அதே கையோடு வண்ணத்தைத் தொட்டபோது, நான் வரைந்த கோட்டையும் கோவிலும் தேவாலயமும் நிறம் தீட்டிய கட்டட வரைபடங்களாகவே வந்தன. ஒவ்வொரு கல்லும் தன் இடத்தில் இருந்தது, காற்றுத்தான் இல்லை. விளிம்புகள் பனியில் கரைந்தும், ஒரிரு இடங்களில் மட்டும் கூர்ந்தும் நிற்கும் தளர்வான தூரிகை வேலையைப் பிறர் படங்களில் கண்டு வியந்திருக்கிறேன். அது என் கைக்கும் வருமா என்று அறியவே போனேன்.

முதல் வகுப்பில் ஒரு நிறம் மட்டுமே. அவுஸ்திரேலியாவில் வாழும் ஜோசப் ஸ்புக்விச் என்னும் நீர்வண்ண ஓவியர், கலவையின் தடிப்பைத் தேநீர், கோப்பி, பால், கிரீம், பட்டர் என்று ஐந்து படிகளாகப் பிரித்துக் கற்பிப்பவர். ஆசிரியை அந்த முறையை எங்கள் அடுக்களைக்குக் கொண்டுவந்து, வெறுந்தேத்தண்ணீர், பால்தேத்தண்ணீர், மோர், கூழ், தயிர் என்று மாற்றியிருக்கிறார். வானத்துக்கு வெறுந்தேத்தண்ணீர், தூரத்து மதிலுக்குப் பால்தேத்தண்ணீர், மதிலின் நிழலுக்கு மோர், கிட்ட நிற்கும் வள்ளத்துக்குக் கூழ், கடைசியில் வைக்கும் இரண்டொரு கருமைக்குத் தயிர். கூழ் என்று கேட்டவுடன் ஒடியல் மா கரைத்த பதம் கைக்கே நினைவு வந்துவிடுவதால், எத்தனை துளி நீருக்கு எவ்வளவு வண்ணம் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டிய தேவையே எழவில்லை. நான் கற்ற எந்த அளவுமுறையையும்விட இது விரைவாகப் படிந்தது.

பதத்தோடு நேரமும் சேர்ந்தால்தான் இந்த முறை வேலை செய்யும். நனைந்த தாள் முதலில் கண்ணாடிபோல் பளபளக்கும். பிறகு அந்தப் பளபளப்பு மங்கி ஈரம் மட்டும் நிற்கும். அதன்பின் தாள் தொட்டால் குளிரும், ஆனால் நனைக்காது. கடைசியில் முற்றாக உலரும். பளபளக்கும் தாளில் வைத்த நிறம் பரந்து மறைகிறது. மங்கும் தாளில் வைத்த நிறம் உருவத்தைக் காத்துக்கொண்டு விளிம்பை மட்டும் இழக்கிறது. உலர்ந்த தாளில் வைத்தது வெட்டியதுபோல் நிற்கிறது. நீர்க்கரைக் கட்டடத்தின் சூழல் முழுவதும் அந்த நடு நிலையில்தான் பிறக்கிறது. தாளைவிடத் தூரிகையில் ஈரம் கூடினால், மங்கிக்கொண்டிருக்கும் பரப்புக்குள் நீர் ஓடி நிறத்தை ஒதுக்கி, பூக்கோவாவின் ஓரம்போன்ற தழும்பொன்றை விட்டுப்போகும். அந்தத் தழும்பு ஏன் வருகிறது என்பதை ஒருவரும் எனக்கு முன்னர் சொல்லித் தந்ததில்லை. இந்த ஒரு விளக்கத்துக்காகவே கட்டணத்தில் பாதியைக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

பொருட்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாகச் சேருபவர்கள் பணத்தை வீணாக்குவது இங்கேதான். வண்ணத்தைவிடத் தாளே முக்கியம். சதுர மீற்றருக்கு 300 கிராம் நிறையுள்ள, முழுவதும் பருத்தியால் செய்த, சற்றுச் சொரசொரப்பான தாள் வேண்டும். பருத்தித் தாள் ஈரத்தை உள்ளே வைத்திருந்து மெதுவாக விடும். மரக்கூழ்த் தாள் மேலே உலர்ந்துவிடும். நாம் வானத்தை முடித்து மதிலுக்கு வருமுன் வானத்தின் ஓரம் இறுகிவிடும். இரண்டாம் வகுப்புக்கு நான் கொண்டுபோன தாள், நகரத்துக் கடையொன்றில் பருத்தி என்று சொல்லி விற்கப்பட்டது. ஈரத்துணியால் மூன்று தரம் தேய்த்ததும் அது திரிதிரியாக உரிந்தது. அன்று முழுக்க என் கையையே குறை நினைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பல்கலைக்கழக மாணவி தன் தாளில் ஒரு துண்டைக் கிழித்துத் தந்தபோதுதான் குறை எங்கே என்று தெரிந்தது. பிரான்சின் ஆர்ஷ் ஆலை 1492 முதல் தாள் செய்துவருகிறது. போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிப் பண்ணையில் கோட்டை கட்டுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னர். அந்தத் தாளுக்குக் கொழும்பிலிருந்து ஆள்மூலம் சொல்லி எடுப்பிக்க வேண்டியிருக்கிறது, விலையும் அதிகம். ஆனால் 56க்கு 76 சென்ரிமீற்றர் முழுத்தாள் ஒன்றை எட்டாக வெட்டினால், பயிற்சிக்குப் போதுமான அளவில் எட்டுப் படங்கள் கிடைக்கும். இரண்டு பக்கமும் தீட்டலாம்.

வண்ணத்தில் ஆசிரியை கேட்டது ஐந்து மட்டுமே. அவற்றிலும் வேலை செய்தவை இரண்டு. அல்ட்ராமரைன் நீலமும் பேர்ண்ட் சியன்னா என்னும் சுட்ட காவியும் சேர்ந்தால் கறுப்பு வண்ணமே தேவைப்படாத அளவுக்குச் சாம்பல் நிறங்கள் பிறக்கின்றன. நீலத்தைக் கூட்டினால் விடியற்காலை. காவியைக் கூட்டினால் வெயில் ஏறிய மதில். அல்ட்ராமரைன் துகள்கள் தாளின் பள்ளங்களில் மணல்போல் படியும் இயல்புடையவை. கோட்டை மதிலின் முருகைக்கற்கள் தொட்டால் எப்படிப் பொருக்குப் பொருக்காக இருக்குமோ அந்த மேனியை, நாம் ஒரு புள்ளிகூட வைக்காமல், நிறமியே தானாகச் செய்து தருகிறது. அல்ட்ராமரைன் ரியூப்பின் பின்புறத்தில் பிபி 29 என்ற நிறமிக் குறியீடு தனியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். தூரிகைகளில் நீரை நிறையக் கொள்ளும் அணில்முடித் தூரிகை ஒன்றும், கப்பல்களின் பாய்மரக் கயிறுகளை வரையவென்று உருவான ரிகர் என்னும் நீள்முடித் தூரிகை ஒன்றும் இருந்தால் போதும். வகுப்பில் கொடுத்த தூரிகைத் தொகுதி நன்றாக இல்லை. முடி உதிர்ந்து ஈர வானத்தில் ஒட்டிக்கொண்டது. அதை வாங்காமல் சொந்தத் தூரிகையோடு போவதே நல்லது.

மூன்றாம் வகுப்பு விறாந்தையில், படங்களைப் பார்ப்பதிலேயே கழிந்தது. ஆங்கில ஓவியர் டேர்னர் 1819, 1833, 1840 ஆகிய ஆண்டுகளில் வெனிஸ் நகருக்குப் போயிருக்கிறார். நீரில் மிதக்கும் மாளிகைகளையும் மணிக்கூண்டுகளையும் ஒரு மூச்சில் ஊதி வைத்ததுபோல் அவர் தீட்டிய நீர்வண்ணங்களைக் காட்டிவிட்டு, முதல் பயணத்தில் அவர் பெரும்பாலும் பென்சிலால் கட்டடங்களைக் குறித்துக்கொண்டே திரிந்தார் என்பதையும் ஆசிரியை காட்டினார். டேர்னர் இளமையில் தோமஸ் மோல்ட்டன் என்ற கட்டடப் படவரைஞரிடம் தொழில் பழகியவர் என்பதும், பின்னாளில் லண்டனிலுள்ள அரச கலைக்கழகத்தில், தூரம் போகப்போகப் பொருள்கள் சிறுத்துத் தெரிவதை வரையும் தொலைநோக்கு வரைதலுக்குப் பேராசிரியராக இருந்தவர் என்பதும் எனக்குப் புதிய செய்திகள். என் தொழிலில் தொடங்கிய ஒருவர் அந்த மூடுபனிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார் என்ற தகவல் என்னை வெகுவாகத் தேற்றியது. அமெரிக்க ஓவியர் ஜோன் சிங்கர் சார்ஜன்ட் வெனிஸில் படகில் இருந்தபடியே தீட்டியதால், அவருடைய படங்களில் கண்மட்டம் நீருக்கு மிக அண்மையில் இருக்கிறது. படிகளும் தூண்களும் நம் தலைக்குமேல் எழுகின்றன. எங்கள் கோட்டைக்கு அந்தக் கண்மட்டம் மிகவும் தேவை என்பதை அடுத்த கிழமை கண்டுகொண்டோம்.

யாழ்ப்பாணக் கோட்டை உயரமான கட்டடமன்று. ஒல்லாந்தர் 1658 இல் அதைக் கைப்பற்றியபின் ஐந்து கொத்தளங்களோடு விரித்துக் கட்டிய ஐங்கோணம், கடல்நீரேரியிலிருந்து பார்க்கும்போது நீரின்மேல் கிடத்தி வைத்த நீண்ட பட்டியாகவே தெரியும். வெனிஸின் மணிக்கூண்டுகள் தரும் நிமிர்வு இதில் கிடையாது. நின்றுகொண்டு பார்த்தால் மதில் இன்னும் தாழ்ந்துபோகும். பண்ணைப் பாலத்து வீதியை விட்டுக் கீழே இறங்கி, நீர்மட்டத்துக்கு அருகே கல்லொன்றில் இருந்து பார்த்தால் அது சற்று எழுந்து நிற்கும். காலையில் சூரியன் கோட்டைக்குப் பின்னால் ஏறுவதால், 6.30 மணியளவில் மதிலில் கல்லோ வெடிப்போ தெரியாது. நீல நிழல் ஒன்றுதான். அதற்காகத்தான் வகுப்பு அவ்வளவு வேளைக்குத் தொடங்குகிறது.

நான் வழக்கம்போல் பென்சிலை எடுத்து மதிலின் மேல்விளிம்பை இழுக்கத் தொடங்கினேன். ஆசிரியை பின்னால் வந்து நின்று, "ஐயா, கோட்டை விடுங்கோ" என்றார். கோட்டையை வரைய வேண்டாம் என்கிறாரோ என்று நினைத்து, "அப்ப எதை வரையிறது ரீச்சர்?" என்று கேட்டேன். "கோட்டையை வரையுங்கோ. கோட்டை விடுங்கோ" என்றார். தமிழில் மட்டுமே சொல்லக்கூடிய அந்த வசனத்தில் எட்டு வகுப்புகளின் சாரமும் அடங்கியிருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு அவர் செய்து காட்டியது இது. தாளைச் சற்றுச் சரிவாக வைத்து முழுவதையும் நனைத்தார். மேலிருந்து வெறுந்தேத்தண்ணீர்ப் பதத்தில் காவி கலந்த மஞ்சளை இறக்கி, அடிவானத்தில் நிறுத்தாமல் நீருக்குள்ளும் கொண்டுபோய், கீழே வரவர நீலத்தைக் கூட்டினார். வானத்தையும் நீரையும் தனித்தனியே தீட்டுவது என் பழக்கம். ஒரே பூச்சில் இரண்டும் வந்தபோதுதான் அவை ஒரே வெளிச்சத்தில் நின்றன. பளபளப்பு மங்கும்வரை காத்திருந்து, மதிலைப் பால்தேத்தண்ணீர்ப் பதத்தில் ஒரே இழுப்பில் வைத்தார். மேல்விளிம்பு தானாகவே மங்கியது. கொத்தளம் திரும்பும் மூலையில் மட்டும் தாள் உலர்ந்தபின் ஒரு கூரிய விளிம்பு வைத்தார். கண் அங்கே போய் நின்று, மிச்ச மதிலைத் தானே கட்டிக்கொண்டது. நீர்வண்ணம் உலர்ந்தபின் வெளிறிப்போகும் என்பதால், ஈரத்தில் சற்று அதிகம் என்று தோன்றும் அளவுக்கு நிறத்தை வைக்க வேண்டும் என்பதையும் அப்போது சொன்னார்.

நீரில் விழும் சாயலைப் பற்றிய பாடம் எனக்குத் தனியாகப் பிடித்திருந்தது. நிழல் வெயிலின் திசைக்கு ஏற்பச் சாயும்; நீரில் தெரியும் பிம்பமோ எப்போதும் பொருளுக்கு நேர் கீழேயே விழும். இருண்டவை பிம்பத்தில் சற்று வெளிறும். வெளிச்சமானவை சற்று மங்கும். நீர் அலைந்தால் பிம்பம் பார்ப்பவரை நோக்கி நீளும். இவற்றை அறிந்தபின் நீருக்குள் எதையும் வரைந்து காட்ட வேண்டியதில்லை. மதிலின் நிறம் ஈரமாக இருக்கும்போதே தூரிகையைக் கீழ்நோக்கி இழுத்துவிட்டால் போதும். மீன்பிடிக்கும் சிறகுவலைக்கு நட்ட தடிகள் அந்தக் காட்சியில் கோட்டைக்கு இல்லாத நிமிர்வைத் தருகின்றன. அவற்றை ரிகர் தூரிகையால் நான்கைந்து கீறல்களில், இடைவெளி ஒத்துவராதபடி வைத்தபோதுதான் படம் பண்ணையானது.

ஆறாம் வகுப்புக்கு குறிகட்டுவானிலிருந்து படகேறி நயினாதீவு போனோம். நாகபூஷணி அம்மன் கோவிலின் கோபுரத்தை இறங்குதுறைப் பக்கமிருந்து தீட்டுவது தளர்வான தூரிகைக்குக் கடுமையான சோதனை. அத்தனை சிலைகள், அத்தனை நிறங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொன்னார். சிலைகள் மறைந்து, வெயில் விழும் முகமும் நிழல் விழும் முகமுமாக இரண்டே பரப்புகள் எஞ்சின. வெயில் முகத்துக்கு மஞ்சளும் சிவப்பும் தாளிலேயே கலக்கும்படி ஒரு பூச்சு, நிழல் முகத்துக்கு ஊதா சார்ந்த ஒரு பூச்சு, இரண்டும் சந்திக்கும் விளிம்பில் மட்டும் சிறிய வெட்டுகள். உலர்ந்த தூரிகையால் அந்த விளிம்பைத் தட்டியபோது தாளின் வெள்ளைப் பொட்டுகள் வெயிலில் மின்னும் சிலைகளாகத் தெரிந்தன. எங்களுடன் படித்த தாதி ஒருவர், அம்மனின் கோபுரத்தை இப்படி அரைகுறையாக விடலாமா என்று மெய்யாகவே கவலைப்பட்டார். படகில் திரும்பும்போது தூரத்தில் கோபுரம் மங்குவதைப் பார்த்துக்கொண்டு வந்தவர், அடுத்த கிழமை அதே மங்கலைத் தாளில் கொண்டுவந்திருந்தார். தொகுதியின் மிகச் சிறந்த படம் அது.

அவருடைய கவலை எனக்கும் இருந்தது, வேறு காரணத்தால். கோட்டைக்குள் 1706 இல் கட்டிய சிலுவை வடிவ ஒல்லாந்தர் தேவாலயம் போர்க்காலத்தில் இடிந்துபோய், இன்று கற்குவியலாகக் கிடக்கிறது. கட்டடங்கள் இருந்தபடியே இருக்கும் என்ற உறுதி எங்கள் தலைமுறைக்குக் கிடையாது. ஆகவே ஒரு கட்டடத்தை வரைவதென்றால் அதன் ஒவ்வொரு கல்லையும் காப்பாற்றி வைப்பது என்றே நான் எண்ணியிருந்தேன். விளிம்பைக் கரையவிடுவது அந்தக் கட்டடத்தைக் கைவிடுவதுபோல் உறுத்தியது. இதை ஏழாம் வகுப்பில் ஆசிரியையிடம் சொன்னேன். அவர் என் பழைய அளவுப் படங்களைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். கல்லைக் காக்க இந்தப் படங்கள் போதும், இவற்றை விட்டுவிடாதீர்கள், ஆனால் அந்தக் கல்லின்மேல் ஒரு மாசிக் காலையில் எப்படிப் பனி இறங்கியது என்பதை இவை எழுதி வைக்கவில்லையே என்றார். அதன்பின் இரண்டு கொப்பிகள் வைத்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தொலைநோக்கு வரைதலுக்கு அவர் அரை மணித்தியாலத்துக்குமேல் ஒதுக்கவில்லை. எனக்கு அது போதும். வங்கி உத்தியோகத்தர் ஒருவர் கோட்டை வாசலின் வளைவை எட்டாம் வகுப்பிலும் நேராக நிறுத்த முடியாமல் தவித்தார். விளிம்பு கரையலாம், வளைவு சரியக்கூடாது என்பதை முதல் மாதத்திலேயே பழக்கியிருக்க வேண்டும். இரண்டாவதாக, திருத்தும்போது மாணவரின் படத்திலேயே தூரிகையை வைத்துவிடுகிறார். அழகாகத்தான் வரும், ஆனால் அதன்பின் அந்தப் படம் நமதாக இருப்பதில்லை. பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் காட்டும்படி கேட்டபோது உடனே ஏற்றுக்கொண்டார்; ஆகவே முதல் நாளே கேட்டுவிடுங்கள். எழுத்துக் குறிப்பு எதுவும் தருவதில்லை. கரையில் நிழல் கிடையாது. 8 மணிக்குப் பின்னர் வெயிலில் தாள் உலரும் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காது. தொப்பியும் நீர் தெளிக்கும் போத்தலும் கட்டாயம். இடுப்பு நோவுள்ளவர்கள் மடிக்கும் கதிரை ஒன்றைக் கொண்டுபோவது நல்லது.

எட்டு வகுப்புகளில் தளர்வான கை முழுமையாக வந்துவிடாது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியவரும். மிச்சம் வீட்டில் செலவழிக்கும் தாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. துல்லியமான கட்டடச் சித்திரத்தை விரும்புபவர்களுக்கும், ஒவ்வொரு கிழமையும் சட்டமிட்ட படத்தோடு வீடு திரும்ப எண்ணுபவர்களுக்கும் இந்த வகுப்பைச் சொல்ல மாட்டேன். பென்சிலில் ஓரளவு பழக்கமுள்ள, ஆனால் வண்ணத்தில் இறுகிப்போன எவருக்கும் தயங்காமல் சொல்வேன்.

சேருவதென்றால் மாசித் தொகுதியில் சேருங்கள். மார்கழி மழைக்காலத்தில் தாள் உலரவே மாட்டேன் என்கிறது. வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று பலகையோடு தாளையும் தூக்கிக்கொண்டு போகும், நீரும் கலங்கி அலைவதால் மதிலின் பிம்பம் விழாது. மாசிக் காலையில் கடல்நீரேரி அசையாமல் கிடக்கும். நான் அடுத்த மாசிக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். இம்முறை ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் நீர் நடுவே நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டைக்குக் கூட்டிச் செல்வதாக ஆசிரியை சொல்லியிருக்கிறார்.